ஸமீஹா டீச்சர் எக்கோவை அணைத்த நாள்

புதுச்சேரியில் வீட்டுக்குள் ஸ்டுடியோ கட்டாத பாட்டுக்காரன் இப்போது யாருமில்லை. பாட்டைத்தான் யாரும் பதிவு செய்வதில்லை.

கொரோனாவில் திருவிழா, கல்யாணம் எல்லாம் நின்றுபோனபோது ஆரம்பித்த வியாதி இது. மேடை இல்லாத எங்களுக்கு யூடியூப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. பார்த்துப் பார்த்து ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு ஹெட்ஃபோன், மைக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்க்கிற ஒரு சிவப்புப் பெட்டி எல்லாம் வாங்கிவிட்டோம். நான் அன்பழகன், லைட் மியூசிக் ட்ரூப்பில் தபேலா. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு நாலு சுவரிலும் ஒட்டினேன். சத்தம் அடங்கவில்லை. ஊரில் இருந்த பல்லிகளுக்கெல்லாம் தனித்தனி அறை கிடைத்தது.

கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் விமானம் ஓட்டுகிற இடம் மாதிரி இருக்கும். மூன்று மாதம் தினமும் திறந்தேன், எதையோ பதிவு செய்தேன், மூடினேன். என் மனைவி கவிநிலா ஒருநாள் பொறுமை இழந்தாள்.

"எவ்ளோ நாளைக்கு அத மொறச்சுப் பாத்துனு இருப்ப? எங்க ஆபீஸ்ல இருந்தாளே ஸமீஹா, அவளக் கூப்புடறேன்."

ஸமீஹாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. வீடு முல்லா வீதியில். அத்தா அப்துல் கையூம் நேரு வீதியில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். பி.காம் முடித்துவிட்டு ஒரு கஸ்டமர் கேர் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தாள். கவிநிலா அங்கே போன் எடுப்பவள். ஸமீஹா, எடுத்த போன்களையெல்லாம் பிறகு ஒட்டுக் கேட்பவள். வாடிக்கையாளரிடம் ஒழுங்காகப் பேசினார்களா, எரிந்து விழுந்தார்களா என்று கேட்டு மார்க் போடுவதுதான் அவள் வேலை. இரைச்சலாக வந்த பதிவுகளை ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் போட்டுச் சுத்தம் செய்து கேட்பாள். எட்டு வருஷம், தினமும் எட்டு மணி நேரம், காதில் ஹெட்ஃபோன். கடைசியில் ஒருவன் மூச்சை இழுக்கிற விதத்திலேயே அடுத்து வரப்போவது பொய்யா என்று சொல்லுமளவுக்குக் காது தேறிவிட்டது. அந்தச் சமயத்தில்தான், ஒட்டுக் கேட்பதை மெஷினே செய்துகொள்ளும் என்று கம்பெனி கண்டுபிடித்தது. பதினோரு பேரை ஒரே நாளில் கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவள் முட்டை அட்டைகளைப் பார்த்தாள். நான் பதிவு செய்து வைத்திருந்ததைக் கேட்டாள். எழுந்து போய் மைக்கைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, இந்த மைக்குக்கு முன்பக்கம், பின்பக்கம் இருக்குது. நீங்க பின்பக்கத்துல வாசிச்சிருக்கீங்க. மூணு மாசமா செவுத்த நல்லா ரெக்கார்ட் பண்ணிருக்கீங்க."

கவிநிலா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அன்றிலிருந்து ஸமீஹா எனக்கு டீச்சர்.

அவளிடம் ஒரு விதி உண்டு. மௌஸை அவள் தொடமாட்டாள். கற்றுக்கொள்கிறவர்தான் பிடிக்க வேண்டும், தப்புச் செய்ய வேண்டும், தானே அழிக்க வேண்டும். ராகம், தாளம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டாள். "எனக்கு சங்கீதம் தெரியாதுங்க. எந்த எடத்துல இடறுதுன்னு மட்டும் தெரியும்" என்பாள். அவளுடைய அம்மா அக்தர் பேகம் சொந்தக்காரர்களிடம், "கம்ப்யூட்டர் சொல்லித் தரா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பொய் இல்லையே.

ஒருவர் சொல்லி ஒருவராகப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். கடற்கரைப் பக்கம் ஓட்டல்களில் கிடார் வாசிக்கிற ஒருத்தர் கிடார் சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட் பெட்டிகள் எட்டு வைத்திருந்தார். கிடாருக்குச் சுருதி சேர்க்க மட்டும் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருத்தர், எண்பது வயது, மாதா கோயில் பாட்டை அக்கார்டியனில் வாசித்துப் பதிவு செய்ய வந்தார். ஒவ்வொரு பட்டனுக்கும் "மெர்சி, மத்மசெல்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். பதினோரு பேரில் வீட்டுப்பாடம் செய்தவர் அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "குரல நல்லா ஆக்கற பட்டன் எது?"

இந்த நேரத்தில்தான் நான் எங்கள் ட்ரூப் தலைவரிடம் வாயைத் திறந்து ஸமீஹாவைப் பற்றிச் சொன்னேன்.

தலைவர் என்றால் 'குரலரசு' இராமதாஸ். பட்டத்தைக் கொடுத்தது யாரென்று கேட்காதீர்கள், நோட்டீஸ் அடிக்கிற இடத்தில் அவரே எழுதிக் கொடுத்ததைப் பார்த்தவன் நான். முப்பது வருஷமாகப் பாடுகிறார். அவர் மேடை ஏறினால் மைக்செட் தம்பிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, எக்கோவைக் கடைசி வரைக்கும் திருகிவிடுவான். இராமதாஸ் ஒரு 'ஆ' சொன்னால் அது நாலு தடவை திரும்பி வரும். முதல் 'ஆ' சுருதியில் இல்லாவிட்டாலும் நாலில் ஒன்று பக்கத்திலாவது போய் விழும். மூச்சு வாங்குவதும் தெரியாது, வரி தேய்ந்து போவதும் தெரியாது. ஜனங்கள் கை தட்டுவார்கள். கை தட்டலும் எக்கோவில் நாலாகும்.

ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டு மாடியில் ஸ்டுடியோ. சுவர் முழுக்கச் சிவப்பு ஸ்பாஞ்ச், மேலே நீல விளக்கு, பல் டாக்டர் நாற்காலி போல ஒரு நாற்காலி, வாசலில் 'இராமதாஸ் டிஜிட்டல்' என்று போர்டு. முதல் வகுப்பன்று ஸமீஹா மௌஸை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் ஆர்ட்டிஸ்ட்மா. இந்த எலி புடிக்கற வேலையெல்லாம் நீயே பாத்துக்கோ."

"நான் தொடறதில்ல சார். வீட்ல வேற யாராச்சும் கத்துக்கறாங்களா?"

காபி கொண்டு வந்த அவர் மனைவி நிர்மலா டம்ளர்களை வைத்துவிட்டு நின்றிருந்தார். அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கீபோர்டைப் பார்க்காமலே பக்கம் பக்கமாக அடிக்கிற விரல்கள். "ஒக்காருடி" என்றார் இராமதாஸ், ஏதோ தட்டைக் கழுவச் சொல்வதுபோல. நிர்மலா உட்கார்ந்தார். இரண்டாவது வகுப்பிலேயே எந்தச் சாவி எதைச் செய்யும் என்பது அவருக்கு மனப்பாடம்.

இராமதாஸின் திட்டம் பெரியது. நவம்பர் ஒன்று, புதுவை விடுதலை நாளுக்கு அவரே எழுதி, இசையமைத்து, பாடிய பாட்டு வெளிவர வேண்டும். பன்னிரண்டு சரணம். அதில் முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, நோணாங்குப்பம், தேங்காய்த்திட்டு என்று ஊர்ப்பேர்கள் எல்லாம் வரிசையாக வரும். கண்ணை மூடிக் கேட்டால் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

ஐந்தாவது வகுப்பில் பதிவு. நான் தபேலா வாசிக்கப் போயிருந்தேன். இராமதாஸ் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு வந்தார், மைக்குக்குக் கண் இருப்பதாக நினைப்பு. பாடி முடித்து ஹெட்ஃபோனை மாட்டினார்.

"எக்கோ போடாமயே பதிவு பண்ணிருக்கோம் சார். மொதல்ல வெறும் குரலக் கேளுங்க. அப்பறம் வேணுங்கற அளவுக்குச் சேத்துக்கலாம்" என்றாள் ஸமீஹா.

முப்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த மனுஷன் தன் குரலைக் கேட்டார். முதல் வரியில் புருவம் நெளிந்தது. இரண்டாவது வரியில் ஹெட்ஃபோனைக் கழற்றி, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்பதுபோலப் பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதான் சார்."

"மைக்கு சரியில்ல."

அடுத்த வாரம் வேறு மைக் வந்தது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. கரன்ட் லோ வோல்டேஜ் என்று ஸ்டெபிலைசர் வைத்தார்கள். ஃபேனை நிறுத்தினார்கள், ஏசியை நிறுத்தினார்கள், வியர்வையில் எல்லாரும் நனைந்தோம். அப்புறம் என் தபேலாதான் குரலை இழுத்துக் கீழே தள்ளுகிறது என்று என்னை வெளியே அனுப்பினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோதும் குரல் கீழேதான் இறங்கியது. கடைசியில், "இது வெள்ளக்காரன் செஞ்ச சாஃப்ட்வேர். தமிழ்க் குரலுக்கு செட்டாவாது" என்றார்.

அன்றைக்கு ஸமீஹாவுக்கும் பொறுமை போயிருக்க வேண்டும். குரலை உயர்த்தவில்லை, ஆனால் சொல்லிவிட்டாள்.

"சார், எட்டு வருஷம் இதே மாதிரி ஒக்காந்து கேட்டிருக்கேன். மைக் தப்புன்னா எனக்குத் தெரியும். இது மைக் இல்ல. வரி முடியறதுக்குள்ள உங்களுக்கு மூச்சு தீந்துடுது, அதனால சுருதி எறங்குது. அதுக்கு சாஃப்ட்வேர் வேணாம் சார். காலைல அர மணி நேரம் மூச்சுப் பயிற்சி பண்ணா ஒரு மாசத்துல சரியாயிடும்."

நிர்மலாவின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன. படியில் இருந்த நான் உள்ளே வரலாமா, இறங்கி ஓடலாமா என்று யோசித்தேன்.

"நீ யாரும்மா எனக்குச் சொல்ல? ச ரி க ம தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார்."

"தெரியாதுல்ல?"

"அதனாலதான் காதுல வுழுந்தத மட்டும் சொல்றேன்."

இராமதாஸ் வாசலைக் காட்டினார். ஸமீஹா நோட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். என்னைத் தாண்டும்போது, "வரேண்ணா" என்றாள். நான் வாசல் வரைக்கும்கூட எழுந்து போகவில்லை.

சாயங்காலமே 'புதுவை இசைச் சங்கமம்' வாட்ஸப் குழுவில் ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் வந்தது. இருநூற்றுப் பதினாலு கலைஞர்கள் இருக்கிற குழு. சங்கீதம் தெரியாதவர்களிடம் போய்க் குரலை அடகு வைக்காதீர்கள், அந்தப் பெண் சொல்லித் தருகிற முறையில் குரல்வளம் பாழாகிறது, என் அனுபவத்தில் சொல்கிறேன் என்று இராமதாஸ் கலங்கிக் கலங்கிப் பேசியிருந்தார். அந்த மெசேஜிலும் எக்கோ கிடையாது. கேட்டவர்களுக்கு அப்போதாவது விஷயம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. கும்பிடுகிற கை வரிசையாக வந்து விழுந்தது. நானும் ஒரு கையைப் போட்டேன்.

கவிநிலா என் போனைப் பார்த்துவிட்டாள்.

"கும்புட்டியா?"

"ட்ரூப்புல இருக்கணுமே, கவி."

"இரு. நல்லா இரு." அப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு மட்டும்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

ஒரே வாரத்தில் பதினோரு பேரில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். சொல்தாவிடம் வாட்ஸப் கிடையாது, அதனால் அவருக்கு அறிவு கெடவில்லை. நான் நிற்காததற்குக் காரணம் வீரம் இல்லை, வீட்டில் கவிநிலா இருந்தாள்.

ஸமீஹா ஒருநாள் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "வேல போனப்பகூட அழலக்கா. மெஷின் என்ன விட நல்லா கேக்குதுன்னா கேக்கட்டும். இவங்க கேக்கவே மாட்றாங்களே. சொல்லாம இருந்திருக்கணுமோ?"

"சொல்லாம இருந்தா நீ எதுக்கு, எக்கோவே போதுமே" என்றாள் கவிநிலா. நான் முன்னறையில் தபேலாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன்.

அப்துல் கையூம் மகளைக் கடைக்கு வரச் சொன்னார். புரட்டாசியில் மூன்று வாரம் அவள் நேரு வீதியில் உட்கார்ந்து ஆட்களுக்குச் செருப்புப் போட்டுப் பார்த்தாள். "ஏழு பத்தாதும்மா, உங்களுக்கு எட்டு" என்றால் எல்லாரும் எட்டைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். காலின் அளவைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்று அவளுக்கே ஆச்சரியம்.

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் நிர்மலா அந்தக் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்தபடியே, விலை கேட்பவர்போலச் சொன்னார்:

"நாப்பத்தோரு தடவ பாடிட்டாரு. எல்லாத்தயும் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். ஒண்ணுகூட முழுசா தேறல. ஆனா ஒவ்வொண்ணுலயும் எங்கயாச்சும் ஒரு வரி நல்லா வுழுந்திருக்கு. அதையெல்லாம் வெட்டி ஒட்ட முடியுமாம்மா?"

"முடியும்கா. ஆனா நீங்கதான் ஒட்டணும்."

"அதுக்குத்தான் வந்தேன். எனக்கு ஒண்ணரை மணிக்கு ஆபீஸ் போவணும். நாளைலேந்து வரட்டா?"

அடுத்த பன்னிரண்டு நாள், மத்தியான சாப்பாட்டு நேரத்தில் நிர்மலா டிபன் பாக்ஸும் லேப்டாப்புமாக முல்லா வீதிக்குப் போனார். அக்தர் பேகம் தட்டில் ஏதாவது வைத்துக்கொண்டே இருப்பார். ஒரு கையால் சாப்பிட்டபடி இன்னொரு கையால் கணவரை வெட்டினார் நிர்மலா. மூன்றாம் சரணம் ஒன்பதாவது டேக்கில் இருந்து, அதன் கடைசி வரி முப்பதாவதில் இருந்து. ஒரு வார்த்தைகூட ஒரே டேக்கில் தேறாத இடங்கள் இருந்தன. 'நெல்லி' ஆறாவது டேக், 'தோப்பு' இருபத்திரண்டாவது. இரண்டுக்கும் நடுவில் பதினாறு நாள் இடைவெளி, ஒரு ஜலதோஷம். ஒட்டிய இடம் தெரியாமல் தேய்க்க ஸமீஹா சொல்லித் தந்தாள், மௌஸைத் தொடாமலே.

"எந்த எடத்துல வெட்டணும்னு எப்படிக்கா டக்குனு கண்டுபுடிக்கறீங்க?" என்று அவளே கேட்டிருக்கிறாள்.

"இருபத்தாறு வருஷமா அவரு பாட்டோட குடித்தனம் பண்றேன். எங்க மூச்சு வாங்குவாருன்னு தூக்கத்துலயும் சொல்லுவேன்" என்றாராம் நிர்மலா.

முடிந்த பாட்டை வீட்டில் போட்டுக் காட்டியபோது இராமதாஸின் கண் கலங்கியது. "பாத்தியா? எக்கோ இல்லாமயே! அந்தப் பொண்ணு போனதும் மைக்கு சரியாயிடுச்சு பாத்தியா?"

"ஆமாங்க" என்றார் நிர்மலா.

நவம்பர் ஒன்றாம் தேதி ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. பாட்டு ஒலித்தது, உண்மையாகவே நன்றாக இருந்தது. சால்வைகள் விழுந்தன. உள்ளூர் கேபிள்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். "ஒரே டேக்" என்றார் இராமதாஸ், தொண்டையைத் தடவிக்கொண்டு. "சாஃப்ட்வேர் எல்லாம் குரல் இல்லாதவங்களுக்குப்பா. நமக்கு எதுக்கு?" பின்வரிசையில் நிர்மலா, கவிநிலா, ஸமீஹா மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கூட்டம் கேட்டுக்கொண்டதற்காக அதே பாட்டை நேரில் பாடினார். மைக்செட் தம்பி பழைய விசுவாசத்தில் எக்கோவைத் திருகினான். மூச்சு வாங்கியது, சுருதி இறங்கியது, நான் தபேலாவைக் கொஞ்சம் பலமாகத் தட்டிச் சமாளித்தேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் கேட்ட பாட்டும் இதுவும் ஒன்றில்லை என்று அந்த மண்டபத்தில் ஒருத்தருக்காவது தோன்றும் என்று பார்த்தேன். முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள்.

விஷயம் அலுவலகப் பெண்கள் வழியாகப் பரவியது. நிர்மலாவோடு வேலை செய்யும் பார்வதியின் கணவர் கீபோர்டு வாசிப்பவர், குழுவில் முதல் கும்பிடு போட்டவர். பார்வதி வந்தார். கிடார்காரரின் அக்கா வந்தார். இன்னொரு பாடகரின் மருமகள் கைக்குழந்தையோடு வந்தாள். பொங்கலுக்குள் முல்லா வீதி மாடியறையில் பன்னிரண்டு பெண்கள். ஸமீஹா போர்டு எதுவும் வைக்கவில்லை. கலைஞர்கள் யாராவது போன் செய்தால், "இடம் இல்ல சார், வீட்ல வேற யாரயாச்சும் அனுப்புங்க" என்கிறாள்.

வாட்ஸப் குழுவில் இப்போது வாரத்துக்கு நாலு பாட்டு வருகிறது. எல்லாமே ஒரே டேக். ஊரில் திடீரென்று எல்லாருக்கும் சங்கீதம் வந்துவிட்டது. இராமதாஸ், கொரோனாவில் குரல்களுக்குக் கிடைத்த ஓய்வுதான் காரணம் என்று ஐந்து நிமிஷம் விளக்கினார்.

போன மாதம் ஸமீஹாவிடம் நேராகவே கேட்டேன். அவளைப் பார்த்து அந்தக் கும்பிடுக்கு மன்னிப்பும் கேட்கவேண்டியிருந்தது. மன்னிப்பைப் பாதியில் நிறுத்தி, "பரவால்லண்ணா, உங்க மூச்சுலயே தெரியுது" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"உனக்குக் கோவம் வரலயா? உழைக்கறது நீங்க, சால்வை அவங்களுக்கு."

"வருது. அதனாலதான் ஒண்ணு பண்ணிருக்கேன்" என்றாள். "ஒவ்வொரு பாட்டுலயும் ஒரே ஒரு எடத்த மட்டும் திருத்தாம அப்படியே விட்டுடச் சொல்லிருக்கேன். அவங்க நெஜக் குரல் அது ஒண்ணுதான். என்னிக்காவது காது குடுத்துக் கேட்டா அவங்களே கண்டுபுடிக்கலாம்."

"யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கவிநிலா ஐந்து மாதமாகச் சனிக்கிழமை மத்தியானம் எங்கேயோ போய்வருகிறாள். அண்மையில் நான் பதிவு செய்து, கவிநிலா குழுவுக்கு அனுப்பி வைத்த தனி ஆவர்த்தனத்தை எல்லாரும் மெச்சினார்கள், தாளம் கல்லில் செதுக்கியதுபோல நிற்கிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெட்ஃபோனை மாட்டி நாலு தடவை கேட்டேன். என்னுடையது எந்த இடம் என்று தெரியவில்லை. கவிநிலாவைக் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாள், அதுதான் பயமாக இருக்கிறது.